சிங்கப்பாறையைச் செதுக்கியது எது?

ஒன்பதாம் வகுப்பில் ‘புவி புறச்செயல்முறைகள்’ பாடம் முடிந்திருந்தது. குடும்பத்துடன் கொழுக்குமலைக்குச் சென்று வந்த மாணவி ஒருத்தி சிங்கப்பாறையை வரைந்து, கீழே ‘காற்று அரித்த பாறை’ என்று எழுதியிருந்தாள். பாலைவனக் காளான் பாறையைப் படித்ததன் விளைவு அது. உடனே திருத்தாமல், “பாறையைச் சுற்றி மணல் இருந்ததா?” என்று கேட்டேன். “இல்ல டீச்சர், புல்லும் மண்ணும்தான்” என்றாள். அந்தப் பதிலே பாடத்தின் தொடக்கமானது.

பாலைவனத்தில் காற்று சுமந்துவரும் மணலே பாறையைத் தேய்க்கிறது. மணல் பெரும்பாலும் தரையை ஒட்டியே பறப்பதால் பாறையின் அடி மெலிந்து, மேற்பகுதி குடைபோல் நிற்கிறது. ஏலமலையின் கடினப் பாறைகளில் நடப்பது வேறு. விரிசல்களில் மழைநீர் இறங்குகிறது, கனிமங்கள் சிதைகின்றன, வேர்கள் நுழைந்து விரிசலை அகலப்படுத்துகின்றன. வெப்பமும் குளிரும் மாறி மாறிப் பாறையைத் தளர்த்துகின்றன. தளர்ந்தது விழ, உறுதியானது எஞ்சுகிறது. அதில் சிங்கமுகத்தைக் காண்பது நம் கண்.

செயல்பாடு

1. குடும்பத்துடன் மலைக்கோ குன்றுக்கோ செல்லும் மாணவர்கள் மூன்றைக் குறித்து வரட்டும்: விரிசல்கள் எத்திசையில் செல்கின்றன? பாறையடியில் கிடப்பது மணலா, மண்ணா, உடைந்த கல்லா? செடிகள் எங்கே வேர்விட்டுள்ளன?

2. செல்ல இயலாதவர்கள், பழைய சுவரில் அரசங்கன்று முளைத்த வெடிப்பைக் கவனிக்கட்டும்.

3. குழுவாகக் காளான் பாறையையும் தாம் கண்ட பாறையையும் ‘காரணி – சான்று’ அட்டவணையில் ஒப்பிடட்டும். சான்று இல்லாத காரணியை எழுதக் கூடாது.

பெற்றோரிடம் சொல்ல வேண்டியது

2018 மார்ச் 11 அன்று கொழுக்குமலையிலிருந்து குரங்கணி நோக்கி இறங்கிய மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கினர். 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். போடிப் பக்கச் சரிவு தென்மேற்குப் பருவமழையின் மழைமறைவுப் பகுதி. கோடையில் அங்கே புல் காய்ந்து கிடக்கும். சரிவில் தீ மேல்நோக்கி விரைந்து ஏறும். எனவே, வனத்துறை அனுமதிக்கும் காலத்தில், அனுமதிக்கும் பாதையில் மட்டுமே செல்ல வேண்டும். பாறை விளிம்பில் பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுக்கக் கூடாது. இதையும் பாடத்தின் பகுதியாகவே கற்பிப்போம்.

மறுநாள் அந்த மாணவி தன் படத்தின் கீழிருந்த வரியை அடித்துவிட்டு இப்படி எழுதியிருந்தாள்: ‘விரிசல் இருந்தது, அதில் செடி இருந்தது. மணல் இல்லை. அதனால் காற்று என்று சொல்ல முடியாது.’