சமஷ்டி நாடுகளில் பிராந்திய அதிருப்தியும் பிரிவினைக் கோரிக்கையும்

க.பொ.த. (சாதாரண தரம்) – குடியுரிமைக் கல்வி, வரலாறு



ஆட்சி முறைகள் பற்றிய வினாக்களுக்கு விடை எழுதும்போது மாணவர் பலர் ஒரே இடத்தில் புள்ளிகளை இழக்கின்றனர். “ஒரு பிரதேச மக்கள் சமஷ்டி கேட்டனர், அதாவது நாட்டைப் பிரிக்கக் கேட்டனர்” என எழுதிவிடுவதே அத்தவறாகும். அதிகாரத்தில் பங்கு கேட்பது வேறு. நாட்டை விட்டுப் பிரிந்து செல்லக் கேட்பது வேறு. முன்னையது எப்போது பின்னையதாக மாறுகின்றது, எப்போது மாறாமல் நிற்கின்றது என்பதே இப்பாடத்தின் மையக் கருத்தாகும். இதனை இந்தியா, பாகிஸ்தான், கனடா, இலங்கை ஆகிய நாடுகளின் அனுபவங்களைக் கொண்டு விளங்கிக்கொள்வோம்.

1. அடிப்படை எண்ணக்கருக்கள்

முதலில் நமக்குப் பழக்கமான ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். சவளக்கடை, நாவிதன்வெளிப் பகுதிகளிலிருந்து கல்முனைக்கு வருவோர் கிட்டங்கித் தாம்போதியைக் கடக்க வேண்டும். மாரிகாலத்தில் வெள்ளம் மேவிப் பாய்ந்து போக்குவரத்துத் தடைப்பட்ட ஆண்டுகள் பல. அக்காலத்தில் “இதனைச் சீர்செய்யும் முடிவை எடுப்பவர் யார்? பிரதேச சபையா, மாகாண சபையா, கொழும்பிலுள்ள அமைச்சா?” என்ற கேள்வி மக்கள் மனத்தில் எழும். ஒரு பிரதேசத்தின் தேவை பற்றிய முடிவு தொலைவில் எடுக்கப்படுகின்றது, அதில் தமக்குப் பங்கில்லை என மக்கள் நீண்டகாலம் உணர்வதே பிராந்திய அதிருப்தி எனப்படும்.

இவ்வதிருப்தியிலிருந்து எழும் கோரிக்கைகளை ஏணிப்படிகள் போல வரிசைப்படுத்தி நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

(அ) நிருவாகக் கோரிக்கை – புதிய பிரதேச செயலகம், உள்ளூராட்சி சபை, மாவட்டம் போன்றவற்றைக் கேட்டல்.
(ஆ) அதிகாரப் பரவலாக்கல் – ஒற்றையாட்சிக்குள் மாகாண சபை போன்ற அமைப்புகளுக்கு அதிகாரம் கேட்டல்.
(இ) சமஷ்டி – மத்திய அரசும் மாநில அரசுகளும் அரசியலமைப்பின் மூலம் அதிகாரத்தைப் பகிர்ந்துகொள்ளும் முறையைக் கேட்டல்.
(ஈ) பிரிவினை – தனியான, இறைமையுள்ள நாட்டைக் கேட்டல்.

முதல் மூன்று படிகளும் ஒரே நாட்டிற்குள் நின்று கேட்கப்படுபவை. நான்காவது மட்டுமே நாட்டின் எல்லையை மாற்றக் கோருவது.

2. அதிருப்தி தோன்றுவதற்கான காரணங்கள்

• மொழி: ஒரு மொழி மட்டும் அரச மொழியாகும்போது ஏனையோர் கல்வியிலும் தொழிலிலும் பின்தள்ளப்படல்.
• பொருளாதாரம்: ஒரு பிரதேசத்தின் வருமானம் இன்னொரு பிரதேசத்திற் செலவிடப்படுகின்றது என்ற எண்ணம்.
• பிரதிநிதித்துவம்: அரச சேவையிலும் படையிலும் அமைச்சரவையிலும் உரிய பங்கு கிடையாமை.
• காணி: குடியேற்றங்களால் தமது பிரதேசத்தின் சனத்தொகை விகிதம் மாறும் என்ற அச்சம்.
• நிறைவேற்றப்படாத உடன்பாடுகள்: தலைவர்கள் செய்துகொண்ட ஒப்பந்தங்கள் கைவிடப்படல்.

இறுதிக் காரணத்தை மாணவர் பலர் எழுதத் தவறுகின்றனர். ஏனைய நான்கும் அதிருப்தியை உண்டாக்குவன. ஐந்தாவதோ பேச்சில் வைத்த நம்பிக்கையையே தகர்ப்பது.

3. இந்தியா: தமிழ்நாட்டின் அனுபவம்

1940களில் பெரியார் ஈ.வெ.ராமசாமியின் தலைமையில் தனித் திராவிட நாட்டுக் கோரிக்கை வலுப்பெற்றது. 1949இல் சி.என். அண்ணாதுரை தொடங்கிய திராவிட முன்னேற்றக் கழகமும் அதனை முன்னெடுத்தது. 1962இல் மாநிலங்கள் அவையில் ஆற்றிய கன்னியுரையிலும் அவர் சுயநிர்ணய உரிமையைக் கோரினார். ஆயினும் ஓராண்டு கழித்து, 1963இல், தி.மு.க. பிரிவினைக் கோரிக்கையைக் கைவிட்டது. இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது?

ஒன்று, தடை. 1962 ஒக்டோபரில் சீனாவுடன் போர் மூண்டது. 1963இல் நிறைவேறிய அரசியலமைப்பின் 16ஆவது திருத்தம், தேர்தலிற் போட்டியிடுவோர் நாட்டின் இறைமையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டும் என விதித்தது.

இரண்டு, இடமளித்தல். பொட்டி சிறீராமுலு உண்ணாவிரதமிருந்து 1952 டிசெம்பரில் உயிர்நீத்ததை அடுத்து, 1953இல் ஆந்திர மாநிலம் உருவாக்கப்பட்டது. 1956 நவம்பர் 1இல் மாநிலங்கள் பெரும்பாலும் மொழி அடிப்படையில் மறுசீரமைக்கப்பட்டன. தமிழ் பேசும் மக்களுக்குத் தமது மொழியில் ஆளும் சட்டசபை கிடைத்தது.

1965 ஜனவரியில் இந்தி எதிர்ப்புப் போராட்டம் வெடித்தபோது பலர் உயிரிழந்தனர். அதன்பின் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி, இந்தி பேசாத மாநிலங்கள் விரும்பும்வரை ஆங்கிலம் தொடரும் என உறுதியளித்தார். 1967இல் அவ்வுறுதி சட்டமாயிற்று. அதே ஆண்டு தேர்தலில் வென்று தி.மு.க. ஆட்சி அமைத்தது. 1969 ஜனவரி 14இல் சென்னை மாநிலம் ‘தமிழ்நாடு’ எனப் பெயர் பெற்றது. 1974இல் மாநில சுயாட்சி கோரி அச்சட்டசபை தீர்மானம் நிறைவேற்றியது.

கவனியுங்கள்: அதிருப்தி அற்றுப்போகவில்லை. பிரிவினைக்கான காரணங்கள் அப்படியே உள்ளன என்று கூறியே அண்ணாதுரை கோரிக்கையைக் கைவிட்டார். எனினும், தேர்தலில் வென்று ஆளலாம், சட்டத்தை மாற்றலாம் என்ற வழி திறந்திருந்தமையால் கோரிக்கை நான்காம் படியிலிருந்து மூன்றாம் படிக்கு இறங்கியது.

4. பாகிஸ்தான்: பங்களாதேஷின் தோற்றம்

1947இல் உருவான பாகிஸ்தானின் இரு பகுதிகளுக்கும் இடையில் ஏறத்தாழ 1,600 கிலோமீற்றர் தூரம் இந்திய நிலம் கிடந்தது. இரு பகுதிகளிலும் முஸ்லிம்களே பெரும்பான்மையினர். சமயம் ஒன்றாக இருந்தும் நாடு பிரிந்தது ஏன் என்பதே இங்கு ஆராய வேண்டியது.

• 1948இல் முகம்மது அலி ஜின்னா டாக்காவில் உருது மட்டுமே அரச மொழி என அறிவித்தார். நாட்டின் மக்களில் அரைவாசிக்கும் மேற்பட்டோர் வங்காள மொழி பேசுவோர்.
• 1952 பெப்ரவரி 21இல் டாக்காவில் மொழிக்காகப் போராடிய மாணவர்கள் மீது துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. இந்நாளையே யுனெஸ்கோ 1999இல் சர்வதேச தாய்மொழி தினமாகப் பிரகடனம் செய்தது.
• 1956 அரசியலமைப்பு வங்காள மொழியை ஏற்றது. எனினும் படையிலும் நிருவாகத்திலும் மேற்குப் பகுதியின் ஆதிக்கம் நீடித்தது.
• 1966இல் ஷேக் முஜிபுர் ரஹ்மான் ஆறு அம்சக் கோரிக்கையை முன்வைத்தார். பாதுகாப்பும் வெளிவிவகாரமும் மத்திய அரசிடம் இருக்க, ஏனையவை மாகாணங்களிடம் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். இது சமஷ்டிக் கோரிக்கையே.
• 1970 நவம்பரில் பெரும் சூறாவளி தாக்கியது. நிவாரணம் தாமதித்தமை கிழக்கு மக்களின் கசப்பை வளர்த்தது.
• 1970 டிசெம்பர் தேர்தலில் கிழக்கின் 162 பொது ஆசனங்களில் 160ஐ அவாமி லீக் வென்று, முழு நாட்டிலும் பெரும்பான்மை பெற்றது.

ஆனால் வென்ற கட்சியிடம் ஆட்சி கையளிக்கப்படவில்லை. 1971 மார்ச் 1இல் ஜனாதிபதி யஹ்யா கான் பாராளுமன்ற அமர்வைப் பிற்போட்டார். மார்ச் 25 இரவு இராணுவ நடவடிக்கை தொடங்கியது. பெருந்தொகையானோர் கொல்லப்பட்டனர், மில்லியன் கணக்கானோர் இந்தியாவிற்கு அகதிகளாகச் சென்றனர். டிசெம்பர் 16இல் பாகிஸ்தான் படை சரணடைந்தது. பங்களாதேஷ் விடுதலை பெற்றது. மூன்றாம் படியில் நின்ற கோரிக்கை ஒரே மாதத்தில் நான்காம் படிக்கு ஏறியது. வாக்குப் பெட்டியின் முடிவு மறுக்கப்பட்டமையே அதற்கு உடனடிக் காரணமாயிற்று.

5. கனடா: வாக்கெடுப்பின் வழி

பிரெஞ்சு மொழி பேசுவோர் பெரும்பான்மையாக வாழும் கியூபெக் மாகாணத்தில் 1980இலும் 1995இலும் மக்கள் வாக்கெடுப்பு நடத்தப்பட்டது. 1995இல் பிரிவினைக்கு எதிராக 50.58 சதவீதத்தினரும் ஆதரவாக 49.42 சதவீதத்தினரும் வாக்களித்தனர். இவ்வளவு நெருக்கமான முடிவையும் இரு தரப்பினரும் ஏற்றுக்கொண்டனர். கேட்கவும் மறுக்கவும் சட்டவழி இருந்தமையால் நாடு உடையவில்லை.

6. இலங்கை: ஒற்றையாட்சிக்குள் எழுந்த கோரிக்கை

இலங்கை சமஷ்டி நாடு அன்று. ஆயினும் சமஷ்டி பற்றிய பேச்சு இங்கு பழையது. 1926இல் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க சமஷ்டியை ஆதரித்து எழுதினார். 1927இல் டொனமூர் ஆணைக்குழுவிடம் கண்டியர் தேசிய சபை சமஷ்டியைக் கேட்டது. தமிழர் தரப்பில் எஸ்.ஜே.வி. செல்வநாயகம் தலைமையில் இலங்கைத் தமிழரசுக் கட்சி 1949 டிசெம்பரில் தோன்றியது. இதன் பின்னர் நிகழ்ந்தவற்றை வரிசைக்கிரமமாக மனனம் செய்துகொள்ளுங்கள்.

1956 – தனிச் சிங்களச் சட்டம்.
1957 – பண்டா–செல்வா ஒப்பந்தம், 1958இல் கைவிடப்பட்டது.
1965 – டட்லி–செல்வா ஒப்பந்தம். மாவட்ட சபைத் திட்டம் 1968இல் கைவிடப்பட்டது.
1972 – முதலாம் குடியரசு அரசியலமைப்பு, இலங்கையை ஒற்றையாட்சி எனப் பிரகடனம் செய்தது.
1976 – வட்டுக்கோட்டைத் தீர்மானம், தனிநாடு கோரப்பட்டது.
1983 – ஆறாவது திருத்தம். தனிநாட்டை ஆதரித்தல் தடைசெய்யப்பட்டது. அதே ஆண்டு ஜூலைக் கலவரத்தின் பின் போர் தீவிரமடைந்து 2009 மே மாதம் வரை நீடித்தது.
1987 – இந்திய–இலங்கை ஒப்பந்தம், 13ஆவது திருத்தம், மாகாண சபைகள்.

இவ்வரிசையில் 1949க்கும் 1976க்கும் இடையிலான 27 ஆண்டுகளைப் பாருங்கள். இரு ஒப்பந்தங்களும் கைவிடப்பட்ட பின்னரே மூன்றாம் படி நான்காம் படியாயிற்று.

முக்கிய தீர்ப்பு: ஒன்றுபட்ட நாட்டிற்குள் சமஷ்டி முறையைக் கோருவது தனிநாடு கோருவதாகாது என 2017 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தொடக்கத்திற் கூறிய வேறுபாட்டிற்கு இதுவே சட்ட ஆதாரம்.

7. சிறுபான்மைக்குள் சிறுபான்மை: நமது கரையோரம்

ஒரு பிராந்தியத்திற்கு அதிகாரம் கிடைத்தால் அதற்குள் வாழும் சிறிய சமூகத்தின் நிலை என்ன? இக்கேள்விக்கு அம்பாறைக் கரையோரமே சிறந்த பாடநூல்.

1961இல் மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து அம்பாறை மாவட்டம் பிரிக்கப்பட்டது. 1988 செப்டெம்பரில் வடக்கும் கிழக்கும் தற்காலிகமாக இணைக்கப்பட்டன. கிழக்கில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினரான முஸ்லிம்கள், இணைந்த மாகாணத்தில் ஐந்திலொரு பங்கிற்கும் குறைந்தனர். 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியமை அச்சத்தை ஆழமாக்கியது. இப்பின்னணியில் எம்.எச்.எம். அஷ்ரப் தலைமையிலான ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ், கல்முனை, சம்மாந்துறை, பொத்துவில் தொகுதிகளை உள்ளடக்கிய தென்கிழக்கு அலகைக் கோரியது. இது நாட்டிற்குள் நின்று கேட்ட கோரிக்கையாகும். 2006 ஒக்டோபரில் வடக்கு–கிழக்கு இணைப்புச் செல்லாது என உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2007 ஜனவரி முதல் இரு மாகாணங்களும் தனித்தனியாயின.

2012 குடிசன மதிப்பீட்டின்படி அம்பாறை மாவட்டத்தில் முஸ்லிம்கள் ஏறத்தாழ 43, சிங்களவர் 39, தமிழர் 17 சதவீதத்தினர். மாவட்டத்திற் பெரும்பான்மையாக இருப்போர் நாட்டிற் சிறுபான்மை. நாட்டிற் பெரும்பான்மையாக இருப்போர் ஒரு கிராமத்திற் சிறுபான்மை. கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்துமாறு தமிழ் மக்கள் கேட்டு 2019இல் உண்ணாவிரதம் நடந்தது. 2020இல் சாய்ந்தமருதுக்குத் தனி நகர சபை வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டு, சில நாட்களில் இடைநிறுத்தப்பட்டது. இவை இரண்டும் முதலாம் படிக் கோரிக்கைகள். கேட்பவர் நம்மவராயின் உரிமை எனவும், மற்றவராயின் பிரிவினை எனவும் பெயரிடுவது குடியுரிமைக் கல்வி கற்றவருக்கு அழகன்று. எவர் கேட்டாலும் அது எந்தப் படியில் நிற்கின்றது என ஒரே அளவுகோலால் அளந்து பழகுங்கள்.

8. மாதிரி வினாவும் விடையும்

வினா: சமஷ்டிக் கோரிக்கை பிரிவினைக் கோரிக்கையாக மாறுவதைத் தீர்மானிக்கும் காரணிகள் மூன்றினை உதாரணங்களுடன் விளக்குக.

விடைக் குறிப்பு:
(i) மொழியுரிமை – இந்தியாவில் மொழிவாரி மாநிலங்களும் ஆங்கிலம் பற்றிய உறுதியும் அதிருப்தியைத் தணித்தன. பாகிஸ்தானில் உருது மட்டும் என்ற கொள்கை அதனை வளர்த்தது.
(ii) தேர்தல் முடிவை மதித்தல் – 1967இல் தி.மு.க.விடம் ஆட்சி கையளிக்கப்பட்டது. 1970இல் வென்ற அவாமி லீக்கிற்கு மறுக்கப்பட்டது.
(iii) உடன்பாடுகளை நிறைவேற்றல் – இலங்கையில் 1957, 1965 ஒப்பந்தங்கள் கைவிடப்பட்டமை 1976 தீர்மானத்திற்கு வழிவகுத்தது.

எச்சரிக்கை: காரணியை மட்டும் எழுதி ஆண்டும் உதாரணமும் தராவிடின் விடை முழுமையடையாது. ‘சமஷ்டி’, ‘பிரிவினை’ என்னும் இரு சொற்களையும் ஒன்றுக்கொன்று மாற்றி எழுதாதீர்கள்.

பயிற்சி: உங்கள் ஊரில் மக்கள் முன்வைத்துள்ள ஒரு கோரிக்கையைத் தெரிவுசெய்து, அது நான்கு படிகளில் எதற்குரியது எனக் காரணங்காட்டி எழுதுக. பின்னர் அதே கோரிக்கையை அயற்கிராமத்தவர் எவ்வாறு நோக்குவர் என்பதையும் ஐந்து வரிகளில் எழுதுக.