மெயினில் ஏன் இடமில்லை?



படத்திலிருந்து தமிழ் எழுத்தை எடுக்கும் உங்கள் நிரல் கட்டற்ற ஜிபிஎல் உரிமத்தில் வந்திருந்தும், டெபியன் லினக்ஸில் அதை மெயின் பிரிவில் சேர்க்காமல் கான்ட்ரிப் பிரிவில் வைக்கச் சொல்கிறார்களே என்று கேட்டிருந்தீர்கள். அங்கே உங்கள் உரிமத்தோடு, நிரல் எதை நம்பி ஓடுகிறது என்பதையும் பார்ப்பார்கள். நீங்கள் நம்பியிருப்பதோ ஒரு நிறுவனத்தின் மூடிய நூலகம்.

மெயினில் உள்ள பொதி (பேக்கேஜ்) கம்பைல் ஆகவோ ஓடவோ மெயினுக்கு வெளியே எதையும் கேட்கக் கூடாது. பொதியின் கன்ட்ரோல் கோப்பில் உள்ள 'டிபெண்ட்ஸ்' வரிக்கு மட்டுமல்ல, 'ரெகமெண்ட்ஸ்' வரிக்கும் இதே விதிதான். நாம் கேட்காமலே, பொதிகளை நிறுவும் ஆப்ட் கருவி அந்த வரியில் உள்ளதையும் சேர்த்து நிறுவிவிடுமே! மூடிய நூலகத்தை 'சஜஸ்ட்ஸ்' வரியில் எழுதலாம். வேண்டுமென்றால் பயனர் போட்டுக்கொள்வார்.

'கம்பைல் ஆகவோ' என்பதைக் கவனியுங்கள். மெய்நிகர் கணினி மென்பொருளான வர்ச்சுவல்பாக்ஸின் மூலநிரல் கட்டற்றதுதான். ஆனால் அதன் பயாஸ் பகுதியைக் கம்பைல் செய்ய ஓப்பன் வாட்காம் கம்பைலர் தேவை. அதன் உரிமத்தைக் கட்டற்றதாக டெபியன் ஏற்கவில்லை. அதனால் வர்ச்சுவல்பாக்ஸும் கான்ட்ரிப்பில்தான் இருக்கிறது.

இன்னொன்று: மெயின் பொதியை உருவாக்கும்போது இணையத்தைத் தொடக் கூடாது. ஜாவாஸ்கிரிப்ட் நூலகக் களஞ்சியமான என்பிஎம்மிலிருந்து இழுத்துக்கொள்ளலாம் என்ற பேச்சே கிடையாது. 2016-இல் லெஃப்ட்-பேட் என்ற 11 வரித் துணுக்கை எழுதியவர் என்பிஎம்மிலிருந்து அதை நீக்கியதும், உலகெங்கும் எத்தனையோ பேருடைய பில்ட் முறிந்தது. இந்த விதிக்காகவே டெபியனைக் கும்பிடலாம். நோட்.ஜேஎஸ் நூலகங்களை ஒவ்வொன்றாகப் பொதியாக்கிச் சேர்ப்பவர்களின் புலம்பல் வேறு கதை. அதிலும் நியாயம் இருக்கிறது.

டெபியனின் 2022 வாக்கெடுப்புக்குப் பின் மூடிய ஃபர்ம்வேரை மட்டும் உள்ளே விட்டார்களே என்கிறீர்கள். நிறுவியோடு அதைத் தரச் சம்மதித்தார்கள், உண்மை. ஆனால் 2023-இல் வந்த டெபியன் 12-இல் அதற்குத் தனிப் பிரிவே ஒதுக்கினார்கள், மெயினுக்குள் விடவில்லை.

உங்களுக்கு வழி இருக்கிறது. எழுத்துணரி மென்பொருளான டெசராக்ட்டும் அதன் தமிழ்த் தரவும் மெயினிலேயே உள்ளன. நிரல் அதைக் கொண்டே முழுதாக ஓடும்படி மாற்றுங்கள். டிபெண்ட்ஸ் வரியில் டெசராக்ட் முதலில், செங்குத்துக் கோட்டுக்கு அப்பால் மாற்றாக மூடிய நூலகத்தின் பொதி என்று எழுத விதி இடம் தருகிறது. வரிசை மட்டும் மாறக் கூடாது. மங்கிய பழைய அச்சில் டெசராக்ட் தடுமாறும், தெரியும். அந்தக் குறையை நிரலின் விளக்கத்திலேயே எழுதிவிட்டு, பொதியை மறுபடி அனுப்புங்கள்.