மின்னைத் தேக்குவோர்

காஞ்சி மாநகர் கோயில்களாலும் பட்டுச் சேலைகளாலும் உலகறிந்த ஊராகும். அவ்விரண்டுக்கும் அடுத்தபடியாக அவ்வட்டாரத்துக்குப் பெருமை தருவன அதன் ஏரிகள். பாலாற்றில் ஆண்டு முழுதும் நீர் ஓடுவதில்லை. வானமும் எல்லாத் திங்களிலும் ஒரே அளவாகப் பொழிவதில்லை. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மழை கொட்டும். பங்குனியிலும் சித்திரையிலும் நிலம் வெடித்துக் கிடக்கும். பயிருக்கு நீர் வேண்டும் நாளும் மழை பெய்யும் நாளும் எப்பொழுதும் ஒன்றாக அமைவதில்லை. ஆதலின், பெய்யும் காலத்தில் தேக்கிவைத்துப் பெய்யாக் காலத்தில் பயன்கொள்ளும் வழியைப் பண்டைத் தமிழர் கண்டனர்.

ஏரி வெட்டுதல் ஒருமுறை செய்யும் வேலை; அதனைக் காத்தல் நாள்தோறும் செய்யும் வேலை. கரையில் உள்ள ஒரு சிறு நண்டு வளையும் வெள்ளக் காலத்தில் ஊருக்கே கேடு விளைத்துவிடக்கூடும். இதனை நன்கு உணர்ந்தமையால், காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர்ச் சபையார் ஏரியைக் காப்பதற்கென்றே 'ஏரி வாரியம்' என்னும் குழுவினை அமைத்தனர். முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுகள் இச்செய்தியைத் தெரிவிக்கின்றன. குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பெற்ற அறுவர் அவ்வாரியத்தில் பணியாற்றினர். முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது போனவர் மீண்டும் குடவோலைக்கு உரியர் ஆகார் என்பது அக்கல்வெட்டு கூறும் விதிகளுள் ஒன்று. பொதுப்பொருளைத் தேக்கிக் காப்பவர் நாணயம் உடையவராய் இருத்தல் வேண்டும் என்பதை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே அவ்வூரார் கல்லில் எழுதிவைத்தனர்.

இன்று மாந்தர் தேக்க விரும்பும் மற்றொரு பொருள் மின்சாரம். மின்சாரத்தின் இயல்பு விந்தையானது. நெல்லைக் குதிரில் இட்டுவைப்பது போல மின்னோட்டத்தைக் கம்பிக்குள் இட்டுவைத்தல் இயலாது. ஆக்கப்படும் அளவும் செலவாகும் அளவும் நொடிக்கு நொடி ஒத்திருத்தல் வேண்டும். இந்திய மின்வலையில் மின்னோட்டம் நொடிக்கு 50 முறை அலைவுறுகின்றது. தேவை மிகுந்து ஆக்கம் குறைந்தால் இவ்வலைவெண் தாழும். ஆக்கம் மிகுந்து தேவை குறைந்தால் அஃது உயரும். தாழ்வும் உயர்வும் எல்லை கடந்தால் இயந்திரங்கள் தம்மைக் காத்துக்கொள்ள ஒன்றன்பின் ஒன்றாக நின்றுவிடும். நாடு முழுவதையும் பிணைக்கும் மின்வலையின் ஒழுங்கு எங்கேனும் குலைந்தால் விளையும் கேடு பெரிது. 2012-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30, 31 ஆகிய நாள்களில் வட இந்திய மின்வலை குலைந்தது. இரண்டாம் நாளில் கிழக்குப் பகுதியும் வடகிழக்குப் பகுதியும் உடன் இருண்டன. அறுபது கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் நிலப்பரப்பு மின்னின்றித் தவித்தது.

நிலக்கரியால் இயங்கும் நிலையத்தில் தேவைக்கேற்பக் கரியைக் கூட்டலாம், குறைக்கலாம். காற்றையும் கதிரையும் அவ்வாறு ஏவுதல் இயலாது. ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் முப்பந்தலிலும் உள்ள காற்றாலைகள் தென்மேற்குப் பருவத்தில் வேகமாகச் சுழலும். பிற திங்கள்களில் அவற்றின் சுழற்சி குறையும். இராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியில் 2016-ஆம் ஆண்டு 648 மெகாவாட் ஆற்றல் உடைய சூரிய மின் நிலையம் அமைந்தது. நண்பகலில் அஃது அளிக்கும் மின்சாரம் மிகப் பெரிது. ஆனால், வீடுதோறும் விளக்கேற்றும் அந்திப் பொழுதில் அது கண்மூடிவிடும். ஆகவே, பகலில் மிகுவதைத் தேக்கி இரவில் வழங்க ஓர் ஏரி வேண்டும்.

அவ்வாறான ஏரி ஒன்று தமிழ்நாட்டில் முன்னரே உண்டு. கோயம்புத்தூர் மாவட்டத்துக் காடம்பாறையில், மின்சாரம் மிகுந்திருக்கும் வேளையில் கீழுள்ள நீரை மேலே ஏற்றி, தேவை மிகும் வேளையில் அந்நீரைக் கீழே விட்டு மின்சாரம் எடுக்கின்றனர். அந்நிலையத்தின் ஆற்றல் 400 மெகாவாட் ஆகும். ஆனால், இத்தகைய நிலையத்துக்கு மலையும் பள்ளத்தாக்கும் வேண்டும். காஞ்சியைப் போன்ற சமவெளியில் அது கைகூடாது. சமவெளிக்கு ஏற்ற மின்னேரியே மின்கலச் சேமிப்பு நிலையம்.

கைப்பேசியில் உள்ள மின்கலத்தை மாணவர் அறிவர். சேமிப்பு நிலையத்தில் உள்ளதும் அதன் இனத்தைச் சேர்ந்ததே. பெரும்பாலும் லித்தியம் இரும்பு பாஸ்பேட்டு என்னும் வகைக் கலங்கள் அங்கே பயன்படுகின்றன. ஒரு கலத்தின் மின்னழுத்தம் ஏறக்குறைய 3.2 வோல்ட்டே. அத்தகைய கலங்கள் 416-ஐத் தொடராக இணைத்தால் 1,331 வோல்ட் கிடைக்கும். இத்தொடர்கள் பலவற்றை இரும்புக் கொள்கலப் பெட்டிகளில் அடுக்கி வரிசையாக நிறுத்துவர். கலங்களில் உள்ளது நேர்த்திசை மின்னோட்டம். மின்வலையில் ஓடுவது மாறுதிசை மின்னோட்டம். ஒன்றை மற்றொன்றாக மாற்றும் பணியை இன்வெர்ட்டர் செய்கின்றது. மின்மாற்றி அதன் அழுத்தத்தை உயர்த்தி வலையோடு இணைக்கின்றது.

ஏரியின் கொள்ளளவு வேறு. மதகின் அகலம் வேறு. அதுபோலவே, நிலையம் எவ்வளவு ஆற்றலைத் தேக்கும் என்பதை மெகாவாட்-மணி என்னும் அளவாலும், எவ்வளவு விரைவாக வழங்கும் என்பதை மெகாவாட் என்னும் அளவாலும் குறிப்பர். தில்லி மாநகரின் ரோகிணியில் 2019-ஆம் ஆண்டு 10 மெகாவாட், 10 மெகாவாட்-மணி அளவுடைய நிலையம் தொடங்கப்பெற்றது. முழு வேகத்தில் வழங்கினால் அஃது ஒரு மணி நேரம் நிற்கும். சத்தீசுகர் மாநிலத்து ராஜ்நாந்த்காவ் நிலையத்தின் அளவு 40 மெகாவாட், 120 மெகாவாட்-மணி; ஆதலின் அது மூன்று மணி நேரம் நிற்கும். நெய்வேலியைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனம் அந்தமான் தீவில் 20 மெகாவாட் சூரிய மின் நிலையத்தோடு 8 மெகாவாட்-மணி மின்கலத் தொகுதியையும் நிறுவியது. கடல் சூழ்ந்த தீவுக்குப் பெருநிலத்து மின்வலையின் துணை இல்லை. ஆதலின் அங்கே மின்கலத்தின் அருமை எளிதில் விளங்கும்.

இத்தகைய நிலையத்தைக் கட்டி முடித்தவுடன் பொத்தானை அழுத்தி இயக்கிவிடுதல் இயலுமா? இயலாது. கட்டியவர் சென்ற பின்னரும், நாள்தோறும் நடத்துபவர் வரும் முன்னரும், இடையில் நின்று ஒவ்வோர் உறுப்பையும் ஆய்ந்து, நிலையத்துக்கு முதன்முதலில் உயிர் கொடுப்பவர் ஒருவர் உண்டு. அவரைக் கமிஷனிங் எஞ்சினீயர் என வழங்குவர். தொடக்கப் பொறியாளர் என்று தமிழில் கூறலாம்.

காஞ்சி நெசவாளரின் தொழிலை அறிந்தவர்க்கு இவருடைய பணி எளிதில் விளங்கும். உடலும் முந்தியும் வெவ்வேறு நிறம் கொண்ட பட்டுச் சேலையில், உடற்பாவின் இழைகளை முந்திப்பாவின் இழைகளோடு ஒவ்வொன்றாக இணைக்கவேண்டும். இவ்வேலையைப் பெட்னி என்பர். ஆயிரக்கணக்கான இழைகளுள் ஒன்று தவறினும் சேலையில் அக்குறை நிலைத்துவிடும். நெய்து முடித்த பின் அதனைத் திருத்துதல் அரிது. ஆதலின் நெசவாளர் இழை இழையாகப் பார்த்த பின்னரே ஊடையை ஓட்டுவர். தொடக்கப் பொறியாளரும் கம்பி கம்பியாகப் பார்த்த பின்னரே மின்னை ஓட்டுவார். சேலையில் நேரும் பிழை பொருளைக் கெடுக்கும். மின் நிலையத்தில் நேரும் பிழை உயிரையும் கெடுக்கும்.

முதலில் அவர் மின் இணைப்பின்றியே ஆய்வு செய்கின்றார். வரைபடமும் கையில் உள்ளதும் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்கின்றார். ஒவ்வொரு மரையாணியும் உரிய அளவுக்கு முறுக்கப்பெற்றுள்ளதா என்று சோதித்து, அதன்மேல் வண்ணக் கோடு ஒன்று இடுகின்றார். ஆணி பின்னர்த் தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். தளர்ந்த இணைப்பில் வெப்பம் பிறக்கும்; வெப்பத்தில் தீ பிறக்கும். கம்பியின் உறை பழுதின்றி உள்ளதா என்பதை மெகர் என்னும் கருவியால் அறிகின்றார். நேர்முனையும் எதிர்முனையும் இடம் மாறாமல் உள்ளனவா என்றும், நில இணைப்புச் சரியாக உள்ளதா என்றும் அளந்து ஏட்டில் எழுதுகின்றார்.

அடுத்து, துணைக்கருவிகளை மட்டும் இயக்குகின்றார். காஞ்சியின் கோடையில் வெயில் 40 பாகை செல்சியசைக் கடப்பதுண்டு. மின்கலமோ மிதமான வெப்பத்திலேயே நெடுநாள் வாழும். ஆகவே குளிரூட்டும் அமைப்பும், புகையையும் வளியையும் உணரும் கருவிகளும், தீ அறிவிப்பு மணியும் முதலில் செம்மையாக வேலை செய்தல் வேண்டும். அவசர நிறுத்தப் பொத்தானை அவர் தாமே அழுத்திப் பார்க்கின்றார். காவலன் விழித்த பின்னரே களஞ்சியத்தைத் திறத்தல் முறையன்றோ?

மின்கலத்துக்கு ஒரு தனி இடர் உண்டு. மின்மாற்றியின் இணைப்பைத் துண்டித்தால் அதில் மின்னில்லை. மின்கலமோ துண்டித்த பின்னரும் தன்னுள் மின்னைக் கொண்டே இருக்கும். ஆதலின் உறையும் கண்ணாடியும் கையுறையும் இன்றி எவரும் அதனை நெருங்குதல் கூடாது. பணி செய்பவர் ஒவ்வொருவரும் இணைப்பானில் தம் பூட்டை இட்டுத் திறவுகோலைத் தம்மிடமே வைத்துக்கொள்வர். ஒருவர் இட்ட பூட்டை மற்றவர் திறவார்.

இவையெல்லாம் முடிந்த பின்னரே மின்வலையோடு இணைப்பு. முதலில் சிறிதளவும், பின்னர் முழு அளவும் மின்னேற்றி, மீண்டும் இறக்கி அளப்பர். நூறு பங்கு மின்சாரம் உள்ளே சென்றால் ஏறத்தாழ எண்பத்தைந்து பங்கு திரும்பி வருதல் இயல்பு. எஞ்சியது வெப்பமாகவும் குளிரூட்டும் செலவாகவும் கழியும். அலைவெண் தாழும்போது நிலையம் எவ்வளவு விரைவில் உதவிக்கு வருகின்றது என்பதையும் சோதிப்பர். ஆஸ்திரேலியாவில் ஹார்ன்ஸ்டேல் என்னுமிடத்தில் 100 மெகாவாட் நிலையம் 2017-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் தொடங்கப்பெற்றது. இரண்டு கிழமைக்குள் தொலைவில் இருந்த நிலக்கரி நிலையம் ஒன்றின் 560 மெகாவாட் இயந்திரம் திடீரென நின்றது. கண்ணிமைக்கும் நேரத்தில் ஹார்ன்ஸ்டேல் மின்கலம் மின்னை வழங்கத் தொடங்கியது.

விழிப்புச் சிறிது தளர்ந்தாலும் என்ன நேரும் என்பதற்கும் அந்நாட்டிலேயே சான்று உண்டு. விக்டோரியா மாநிலத்தில், ஜீலாங் நகருக்கு அருகே, 300 மெகாவாட் ஆற்றல் உடைய நிலையம் ஒன்று தொடக்கச் சோதனையில் இருந்தது. 2021-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30-ஆம் நாள் அங்கே ஒரு மின்கலப் பெட்டி தீப்பற்றியது. அடுத்திருந்த பெட்டிக்கும் தீ பரவியது. நான்காம் நாளில்தான் அது கட்டுக்குள் வந்தது. நற்பேறாக எவருக்கும் காயம் நேரவில்லை. குளிரூட்டும் நீர்மம் உள்ளே கசிந்ததே காரணம் என்பது பின்னர் ஆய்வில் தெரிந்தது. ஆனால், அக்கசிவு ஏன் முன்னரே அறியப்படவில்லை? அப்பெட்டி அன்றைய சோதனைக்குத் தேவைப்படாமையால், திறவுகோலால் அணைத்து வைக்கப்பெற்றிருந்தது. அதன் நிலையைத் தொலைவில் உள்ளவர்க்கு அறிவிக்கும் கருவி முழுமையாகத் தொடர்பு கொள்ள 24 மணி நேரம் வேண்டியிருந்தது. பெட்டியோ 13 மணி நேரம் இயங்கிய பின் அணைக்கப்பட்டது. அணைத்தவுடன் காக்கும் கருவிகள் சிலவும் உடன் உறங்கிவிட்டன. அணைத்து வைத்தது காவலுள்ளது என்று கருதினர். உண்மையில் அது காவலின்றிக் கிடந்தது.

அந்நிகழ்ச்சிக்குப் பின் முறைகள் திருத்தப்பட்டன. தொடர்பு கொள்ளும் நேரம் குறைக்கப்பட்டது. பெட்டி எந்நிலையில் இருப்பினும் கண்காணிப்பு ஓயாதிருக்க வழி செய்யப்பட்டது. கசிவு ஆய்வு கடுமையாக்கப்பட்டது. அந்நிலையம் அவ்வாண்டு டிசம்பர்த் திங்களில் பணி தொடங்கியது. நேர்ந்த பிழையை மறையாது ஆய்ந்து உலகுக்கு அறிவித்தமையால், பிற நாட்டுப் பொறியாளர்களும் அதனால் பயன் பெற்றனர்.

தொடக்கப் பொறியாளருக்குக் கல்வியறிவு வேண்டும். மின்னியலும் கணிப்பொறி அறிவும் வேண்டும். அவற்றினும் மேலாக வேண்டுவது அஞ்சாத நேர்மை. திறப்பு விழாவுக்கு நாள் குறித்திருப்பர், விருந்தினரை அழைத்திருப்பர், 'இன்னும் ஒரு சோதனைதானே, நாளை பார்த்துக்கொள்ளலாம்' என்று வற்புறுத்துவாரும் உண்டு. அவ்வேளையில், செய்யாத சோதனையைச் செய்ததாக எழுத மறுப்பவரே உண்மைப் பொறியாளர். அவருடைய கையொப்பத்தை நம்பியே நாளை இயக்குபவர் அப்பெட்டிகளுக்கிடையே நடக்கின்றார். தீயணைப்பவர் அதன் கதவை அணுகுகின்றார்.

காஞ்சியின் தறி வீடுகளில் பிறந்த பிள்ளைகள் பலர் இன்று பொறியியல் பயில்கின்றனர். அவர்களுள் சிலர் நாளை மின்னேரிகளின் கரையில் நிற்றலும் கூடும். இழை தவறாமல் காணும் கண்ணை அவர்கள் தறியிலிருந்து பெறலாம். கணக்குக் காட்டும் கடமையை உத்திரமேரூர்க் கல்லிலிருந்து கற்கலாம். தேக்குதல் அறிவின் செயல். தேக்கியதைக் காத்தல் பண்பின் செயல். இரண்டும் ஒருங்கே அமைந்தவரிடம் நீராயினும் மின்னாயினும் ஊர் நம்பி ஒப்படைக்கும்.

பயிற்சி

1. உத்திரமேரூர் ஏரி வாரியத்துக்கு உரியவரைத் தேர்ந்தெடுத்த முறை யாது?
2. மெகாவாட், மெகாவாட்-மணி ஆகியவற்றின் வேறுபாட்டை ஏரியின் உவமையால் விளக்குக.
3. ஜீலாங் அருகே நேர்ந்த தீயின் காரணங்கள் யாவை? அதன்பின் செய்யப்பட்ட திருத்தங்கள் யாவை?
4. தொடக்கப் பொறியாளருக்கு அறிவினும் மேலாக நேர்மை வேண்டப்படுவது ஏன்?