பொதுப் பொருளைப் போற்றுதல்

வீட்டில் ஒரு பொருள் வீணாயின், அவ்விழப்பு அவ்வீட்டாரோடு நின்றுவிடும். அரசு அலுவலகத்தில் ஒரு பொருள் வீணாயின், அவ்விழப்பு நாட்டு மக்கள் அனைவரையும் சாரும். அங்குள்ள தாளும் உறையும், மேசையும் நாற்காலியும் மக்கள் செலுத்திய வரிப்பணத்தால் வாங்கப்பட்டவை அல்லவா? ஆதலின், அலுவலகக் கழிவைக் குறைத்தல் வெறும் துப்புரவுப் பணி அன்று. பொதுப் பொருளைப் போற்றும் கடமையும் ஆகும்.

கழிவைக் குறைக்கும் முதல் வழி, அது தோன்றாமலே தடுப்பதாகும். ஓர் அலுவலகத்தில் ஐம்பதின்மர் பணிபுரிவதாகக் கொள்வோம். ஒவ்வொருவரும் நாள்தோறும் நான்கு தாள்களை வீணாக்கினால், ஒரு நாளில் 200 தாள்கள் வீணாகும். ஆண்டில் வேலை நாள்கள் 250 எனின், வீணாகும் தாள்கள் 50,000. அவற்றின் எடை ஏறத்தாழ 250 கிலோகிராம். தாளின் இருபுறமும் அச்சிடுவதாலும், கோப்புகளைக் கணிப்பொறி வழியே அனுப்புவதாலும் இவ்விழப்பைப் பெரிதும் தவிர்க்கலாம். சிறு துளி பெரு வெள்ளம் என்பது சேமிப்பிற்கு மட்டுமன்றி, வீண் செலவிற்கும் பொருந்தும்.

இரண்டாவது வழி, ஒரு முறை பயன்பட்டதை மீண்டும் பயன்படுத்துதல். காந்தியடிகள் தமக்கு வந்த கடித உறைகளைப் பிரித்து, அவற்றின் உட்புறத்தில் குறிப்புகள் எழுதுவார். அவருக்குத் தாள் கிடைக்காமல் இல்லை. ஏழை நாட்டில் ஒரு துண்டுத் தாளும் வீணாகலாகாது என்று அவர் கருதினார்.

மூன்றாவது வழி மறுசுழற்சி. பழைய தாளை நீரில் ஊறவைத்துக் கூழாக்கி, மையை நீக்கிப் புதிய தாள் செய்யலாம். ஆனால், உணவும் எண்ணெயும் பட்ட தாள் இதற்குப் பயன்படாது. ஆகையால்தான் தாளுக்கு ஒரு தொட்டியும், உணவுக் கழிவிற்கு வேறொரு தொட்டியும் வைத்தல் வேண்டும். பழுதுற்ற கணிப்பொறிகளைக் குப்பையில் எறிதல் தகாது. அவற்றில் செம்பு போன்ற பயன்தரும் உலோகங்களோடு, ஈயம் போன்ற நச்சுப் பொருள்களும் உள்ளன. அவற்றைப் பிரித்தெடுக்க அரசிடம் பதிவு பெற்ற நிறுவனங்களிடமே ஒப்படைத்தல் வேண்டும்.

இம்முயற்சியின் பயன் சிறிதன்று. மத்திய அரசு 2021 ஆம் ஆண்டு முதல் ஆண்டுதோறும் அக்டோபர்த் திங்களில் அலுவலகத் தூய்மை இயக்கத்தை நடத்தியது. தேங்கிக் கிடந்த பழம்பொருள்களை விற்றதனால் மட்டும் 2024 ஆம் ஆண்டு வரை ஏறத்தாழ 2,364 கோடி ரூபாய் அரசுக்குக் கிடைத்தது.

எனினும், பழையன யாவும் கழிவு என்று எண்ணிவிடலாகாது. மங்கிய ஒரு பதிவேடே ஏழை உழவர் ஒருவரின் நில உரிமைக்குரிய ஒரே சான்றாக இருக்கக் கூடும். அதனைக் குப்பையென்று விற்றுவிட்டால், அவர் தம் உரிமையை எங்குச் சென்று நிலைநாட்டுவார்? மத்திய அரசின் பதிவேடுகளை விதிமுறைப்படியன்றி அழிக்கலாகாது என்று 1993 ஆம் ஆண்டின் பொதுப் பதிவேடுகள் சட்டம் கூறுகின்றது. சென்னை எழும்பூரிலுள்ள ஆவணக் காப்பகம் முந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட ஆவணங்களையும் பேணிக் காத்து வருகின்றது. முன்னோர் அவற்றைப் பழந்தாள் என்று ஒதுக்கியிருந்தால், நம் வரலாற்றின் பல பகுதிகள் மறைந்து போயிருக்கும்.

எனவே, கொள்வது எது, தள்ளுவது எது என்று ஆராய்ந்தறியும் பொறுப்புணர்ச்சியே எல்லாவற்றிற்கும் அடிப்படை. காக்க வேண்டியதைக் காத்தலும், கழிக்க வேண்டியதை உரிய வழியில் கழித்தலும் நல்லாட்சியின் இரு கடமைகள்.

மாணவர்களே! நாளை உங்களுள் பலர் அரசுப் பணியில் அமரக்கூடும். அன்று உங்கள் கைக்கு வரும் ஒவ்வொரு தாளும் மக்கள் உழைப்பின் ஒரு பகுதி என்பதை நினைவிற் கொள்ளுங்கள். அப்பழக்கத்தை இன்றே உங்கள் வகுப்பறையில், உங்கள் குறிப்பேட்டின் எழுதப்படாத பக்கங்களிலிருந்து தொடங்குங்கள்.