துளையா, திறப்பா?

அன்புள்ள கயல்,

உங்கள் கிரேட் டேன் பைரவிக்குக் கருத்தடை செய்யும்போதே, இரைப்பையையும் வயிற்றுச் சுவரோடு சேர்த்துத் தைத்துவிடலாம் என்று டாக்டர் சொன்னதாக எழுதியிருக்கிறாய். "துளை போட்டுச் செய்வதா, வயிற்றைத் திறப்பதா, எது நல்லது சித்தப்பா?" என்று கேட்கிறாய். எந்த நேரத்தில் என்பதைப் பொறுத்தது அது.

மார்புக்கூடு ஆழமான பெரிய நாய்களுக்கு இரைப்பை காற்றால் உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. கிரேட் டேனுக்கு மிக அதிகம். அதைத் தடுக்கத்தான் இந்தத் தையல். முறுக்கிக்கொண்டால் காற்று மேலேயும் வராது, கீழேயும் போகாது. உப்பிய இரைப்பை பெருஞ்சிரையை அழுத்த, இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைந்துவிடும். சில மணி நேரத்தில் உயிரே போகலாம்.

ஓர் இரவு அப்படி ஒரு நாயைத் தூக்கி வந்தார்கள். ஓங்கரித்துக்கொண்டே இருந்தது, நூலாக நுரைதான் வந்தது. விலாவுக்குப் பின்னால் தட்டினேன், தவில் போல ஒலித்தது. சலைன் ஏற்றி, காற்றை இறக்கி, வயிற்றைத் திறந்தோம். முறுக்கைக் கையால் திருப்பி, இரைப்பைச் சுவரை விரலால் தடவி, எந்த இடம் பிழைக்கும், எதை வெட்ட வேண்டும் என்று பார்த்தேன். மண்ணீரலையும் பார்க்க வேண்டும். இதற்கு அகலத் திறப்பதுதான் சரி. துளைவழி அறுவைக்கு வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு நிரப்ப வேண்டும்; ஏற்கெனவே திணறும் நாய் அந்த அழுத்தத்தைத் தாங்காது.

பைரவியின் இரைப்பை இன்று அமைதியாக இருக்கிறது; அதனால் அவளுக்குத் துளைவழியே போதும். தொப்புள் அருகே ஒரு துளையில் கேமரா போகும். வலப்பக்கக் கடைசி விலாவுக்குப் பின்னால் சின்ன வெட்டு. அதன் வழியே இரைப்பையின் கீழ்ப்பகுதியைப் பிடித்து மேலே கொண்டுவந்து, உட்படலத்தைத் தொடாமல் வெளிப்படலத்தையும் தசையையும் மட்டும் சுமார் 4 செ.மீ. கீறி, வயிற்றுத் தசையோடு தைப்பார்கள். சில வாரங்களில் இரண்டும் ஒட்டி வளர்ந்துவிடும்.

வலியும் குறைவு. 2009இல் வெளியான ஓர் ஆய்வில், சினைப்பை அகற்றிய சிறிய நாய்களின் கழுத்துப்பட்டையில் அசைவை அளக்கும் கருவியைக் கட்டிப் பார்த்தார்கள். திறந்து செய்தவற்றின் நடமாட்டம் 62 சதவீதம் குறைந்தது. துளைவழி செய்தவற்றுக்கு 25 சதவீதம்தான்.

ஆனாலும் டாக்டரிடம் இரண்டு கேள்வி கேள். இதை எத்தனை முறை செய்திருக்கிறீர்கள்? நடுவில் ரத்தம் கசிந்தால் உடனே திறப்பீர்களா? திறக்கத் தயங்காதவரிடம் துளையையும் நம்பிக் கொடுக்கலாம். அந்தக் கருவி உங்கள் ஊரில் இல்லையென்றால், பழகிய கை திறந்தே தைக்கட்டும். முறுக்கைத் தடுப்பதில் இரண்டும் கைகொடுக்கும்.

தைத்த பிறகும் இரைப்பை உப்பலாம். முறுக்கிக்கொள்வதுதான் மிக அரிது. அதனால் பைரவி நலமாக இருக்கும் இன்றைக்கே அவள் விலாவுக்குப் பின்னால் மெல்லத் தட்டிப் பார். அந்த ஒலி உன் விரலுக்குப் பழகட்டும். என்றாவது அது தவிலாக மாறினால், விடியட்டும் என்று காத்திருக்காதே.

அன்புடன்,
சித்தப்பா