வேண்டாமலே வரும் எண்ணங்கள்



முன்னொரு உத்ஸவத்தில் ஸேவார்த்தி ஒருவர் ஸந்நிதி வாசலிலேயே நின்றுவிட்டார். "ஸ்வாமி! பெருமாளை ஸேவிக்கும்போதே நெஞ்சில் நிந்தைச் சொல் எழுகிறது. இந்தப் பாவி உள்ளே வரலாமா?" என்று கண் கலங்கினார். அவரைப் போல் வருந்துவோர்க்காகவே இதனை எழுதலானேன்.

வேண்டாத எண்ணங்கள் பல வடிவில் வரும்.

1. நிந்தை: தெய்வத்தையும் ஆசார்யனையும் இகழும் சொல் உள்ளே ஒலித்தல்.

2. ஹிம்ஸை: குழந்தையை ஏந்திய தாய்க்கு, "கீழே போட்டுவிடுவேனோ" என்ற திகில்.

3. தகாத காம நினைவு: பூஜ்யர்களைக் குறித்தும் எழுந்து உள்ளம் கூசச் செய்வது.

4. ஸந்தேஹம்: கதவைப் பூட்டினோமா, மந்த்ரத்தில் அக்ஷரம் விட்டதோ என்று மீண்டும் மீண்டும் மயங்குதல்.

5. அசுத்தி பயம்: எத்தனை முறை அலம்பினாலும் கை தீட்டென்றே தோன்றுதல்.

வடிவம் பலவாயினும் லக்ஷணம் ஒன்றே. இவை அழையாமல் வருவன. எதை நாம் உயர்வாகப் போற்றுகிறோமோ, பெரும்பாலும் அதையே தாக்குவன. பக்தி இல்லாதவன் நிந்தை எண்ணத்திற்கு நடுங்குவானோ?

இவை யாரோ சிலர்க்கு மட்டும் வருவன அல்ல. 13 நாடுகளில் 777 மாணவர்களிடம் நடத்தி 2014-இல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு 94 பேர் முந்தைய மூன்று மாதங்களில் இத்தகைய எண்ணம் வந்ததாகக் கூறினர்.

எண்ணம் வேறு, ஸங்கல்பம் வேறு. கலியுகத்தில் நல்வினை விரைந்து பலிக்கும், தீவினையோ செய்தாலன்றிப் பலிக்காது என்பதனாலேயே பரீக்ஷித்து கலியைக் கொல்லாது விட்டான் என்று ஸ்ரீமத் பாகவதம் முதல் ஸ்கந்தம் 18-ஆம் அத்யாயம் கூறுகிறது.

எனில் செய்ய வேண்டுவது யாது? மருந்துண்ணும்போது குரங்கை நினையாதே என்றால் குரங்கே முன் நிற்கும். ஆகையால் எண்ணத்தோடு மல்லுக்கு நிற்க வேண்டா. ஒவ்வொன்றிற்கும் ப்ராயச்சித்தம் தேடவும் வேண்டா. அது வந்து போகட்டும். கைக்கொண்ட கார்யத்தைத் தொடர்க. மனம் காற்றைப் போல் அடக்க அரிதென்று அர்ஜுனன் முறையிட்டபோது, பகவான் அதனை மறுக்கவில்லை. அப்யாஸத்தாலும் வைராக்யத்தாலும் வசமாகும் என்றே அருளினான் (கீதை, 6-ஆம் அத்யாயம்). அலைந்த மனத்தை எத்தனை முறையாயினும் திருப்பிக் கொணர்வதே அப்யாஸம்.

நாளின் பெரும்பொழுதை இவ்வெண்ணங்கள் விழுங்குமாயின் அது நோய், பாபமன்று. மனநல மருத்துவரை நாடுக. நல்ல சிகிச்சை உண்டு. மத்திய அரசு 2022-இல் தொடங்கிய 14416 என்னும் தொலைபேசி எண்ணிலும் ஆலோசனை பெறலாம்.

அன்று அந்த ஸேவார்த்தியை உள்ளே அழைத்துத் தீர்த்தமும் சடாரியும் ஸாதித்தேன். பெருமாள் திருவடி நிலை, உள்ளே என்ன எண்ணம் என்று விசாரித்தபின் தலையில் அமர்வதில்லை. தயங்காமல் வாருங்கள்.

எம்பெருமான் திருவடிகளே சரணம்.