வலிக்காத காலையும் பாருங்கள்



நம் குழுக்களில் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். "சுகர் எவ்வளவு இருக்கு அக்கா?" என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவார்கள். "உள்ளங்காலைக் கடைசியா எப்பப் பார்த்தீங்க?" என்று கேட்டால் பதில் வராது. "வலிச்சாத்தானே பார்க்கணும்?" என்பார்கள். ஆபத்தே அதில்தான் இருக்கிறது.

சர்க்கரை பல வருடம் கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் கால் நரம்புகள் கெட்டுப்போகும். முதலில் மதமதப்பு, எரிச்சல், ஊசி குத்துவது போல இருக்கும். சிலருக்கு அதுகூட இல்லாமலே உணர்ச்சி போய்விடும். அப்புறம் முள் குத்தினாலும் தெரியாது, செருப்பு கடித்தாலும் தெரியாது. செருப்பு கழன்று விழுந்தது தெரியாமலே நடந்து போகிறவர்களும் உண்டு. காலுக்கு ரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் புண் லேசில் ஆறாது. வலி இல்லாததால் அந்தப் புண்ணோடயே களை எடுப்போம், தண்ணிக் குடம் தூக்குவோம். புண் உள்ளுக்குள்ளே எலும்பு வரை போய்விடும். சர்க்கரையால் காலை எடுக்க வேண்டி வந்தவர்களில் பெரும்பாலோருக்கு அது ஒரு சின்னப் புண்ணில்தான் தொடங்கியிருக்கும்.

அதனால் தினமும் ராத்திரி படுக்கும் முன் விளக்கு வெளிச்சத்தில் இரண்டு பாதத்தையும் பாருங்கள். உள்ளங்கால், குதிகால், விரல் இடுக்கு எல்லாம் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர்கள் முகம் பார்க்கிற கண்ணாடியைத் தரையில் வைத்து, அதற்கு மேலே பாதத்தைக் காட்டிப் பார்க்கலாம். கண் மங்கலாக இருந்தால் மகளையோ மருமகளையோ பார்க்கச் சொல்லுங்கள். "மருமககிட்ட காலைக் காட்டுறதா?" என்று கூச்சப்பட வேண்டாம்.

நாம் பழக்கத்தில் செய்கிற சில வேலைகளை இனி விட வேண்டும். குளிக்கும்போது குதிகாலைத் துவைக்கிற கல்லில் போட்டுத் தேய்ப்பது, கால் ஆணியைப் பிளேடால் சீவுவது, முள் குத்தின இடத்தில் எருக்கம்பால் வைப்பது, எரிச்சலுக்கு வெந்நீரில் காலை வைப்பது எல்லாம் உணர்ச்சி இல்லாத காலுக்கு ஆகாது. சூடு தெரியாமல் தோல் வெந்துபோகும். மெட்டி இறுகியிருந்தால் கழற்றி வையுங்கள். தீ மிதிக்கிற நேர்த்திக்கடன் இருந்தால் வேறு விதமாகச் செலுத்தலாம், அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள். நகத்தை நேராக வெட்டுங்கள், ஓரத்தைத் தோண்ட வேண்டாம்.

வயலிலிருந்து வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, விரல் இடுக்கில் ஈரம் இல்லாமல் துடையுங்கள். வெடிப்பு வராமல் இருக்கப் பாதத்தில் தேங்காய் எண்ணெய் தடவலாம். விரல் இடுக்கில் மட்டும் தடவக் கூடாது.

தேய்ந்துபோன ரப்பர் செருப்பில் கருவேல முள் சுலபமாக ஏறிவிடும். மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பு, பின்பக்கம் வார் வைத்ததாக இருந்தால் நல்லது. வீட்டுக்குள்ளும் செருப்புப் போடுங்கள். போடும் முன் ஒரு தடவை உதறுங்கள். சாயங்காலம் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அளவு பார்த்து வாங்க அதுதான் சரியான நேரம். தரையில் படுப்பவர்கள் காலை மூடிப் படுங்கள். மரத்த காலை எலி கடித்தால் காலையில் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரியும்!

2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கிய பிறகு பலருக்கு மாத்திரை வீட்டுக்கே வர ஆரம்பித்தது. வசதிதான். ஆனால் மாத்திரை வருகிறதே என்று ஆஸ்பத்திரிக்குப் போவதையே நிறுத்திவிட்டால் காலை யார் பார்ப்பது? வருடத்துக்கு ஒரு முறையாவது போய், செருப்பைக் கழற்றிவிட்டு, "பாதத்தையும் பாருங்க டாக்டர்" என்று நாமே கேட்க வேண்டும். நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதில் வலி கிடையாது.

கொப்புளம், புண், சீழ், நாற்றம், விரல் கறுப்பது, ஒரு கால் மட்டும் சிவந்து சூடாக வீங்குவது, இதில் எது வந்தாலும் அன்றைக்கே போங்கள். வலி இல்லை என்று தள்ளிப்போட வேண்டாம். காலை ஊன்றி நடப்பதையும் குறையுங்கள்.

"கையில காசு இல்ல, அடுத்த கூட்டத்துல கடன் கேட்டுட்டுப் போறேன்" என்று காத்திருப்பவர்களும் நம்மில் உண்டு. கால் புண்ணுக்கு ஆஸ்பத்திரி போக, கூட்டம் வரை காத்திருக்காமல் அவசரக் கடன் கொடுக்கலாம் என்று இந்த மாதமே தீர்மானம் எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டு வையுங்கள்.